பெட்டிக்குள் ஒரு விசிறி

சரித்திரத்தில் யார் பெயர் நிற்கிறது, யார் பெயர் நிற்பதில்லை என்பது விசித்திரமான விஷயம். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் நம் ஊர்க் கச்சேரிகளில் பங்கா என்று ஒன்று இருந்தது. கூரையிலிருந்து நீளமான துணிச் சட்டம் ஒன்று தொங்கும். அதில் கட்டிய கயிறு சுவரில் உள்ள துவாரத்தின் வழியாக வெளியே தாழ்வாரத்துக்குப் போகும். தாழ்வாரத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்து காலையிலிருந்து மாலை வரை அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பான். உள்ளே நீதிபதி வழக்கு விசாரிப்பார். கலெக்டர் கையெழுத்துப் போடுவார். அவர்களுடைய தீர்ப்புகளும் உத்தரவுகளும் புஸ்தகங்களாக அச்சாகி இன்றும் இருக்கின்றன. கயிறு இழுத்தவன் பெயர் அவற்றில் இல்லை. அவன் சற்றுக் கண்ணயர்ந்து கயிறு நின்றபோது மட்டும் உள்ளே இருந்தவர்களுக்கு அவன் ஞாபகம் வந்திருக்கும்.

கம்ப்யூட்டரின் சரித்திரத்தை எழுதுகிறவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறார்கள். கணக்குப் போடும் சாமர்த்தியம் எப்படி வளர்ந்தது என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறார்கள். கணக்குப் போடும்போது பிறந்த உஷ்ணம் எங்கே போயிற்று, அதை வெளியே கொண்டுபோய்க் கொட்டியது யார் என்பதைப் போகிற போக்கில்தான் சொல்வார்கள். மேஜைக் கம்ப்யூட்டரின் பின்புறத்தில், மின்சார ஒயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், தகரப் பெட்டி ஒன்று தெரியும். நம் கடைத்தெருவில் அதற்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். கையை அருகே கொண்டுபோனால் வெதுவெதுப்பாகக் காற்று வரும். அந்தக் காற்றைத் தள்ளுகிற சின்ன விசிறியின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த விசிறி நின்றுபோனால் மேலே இருக்கிற பெரிய சமாசாரமெல்லாம் கொஞ்ச நேரத்தில் நின்றுபோகும் என்பதால், கேட்டு வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். கணக்குப் போடுகிற யந்திரத்துக்கு உஷ்ணம் எதற்கு? மாவு அரைக்கிற யந்திரம் மாவு அரைக்கிறது. பம்புசெட் தண்ணீர் இறைக்கிறது. கம்ப்யூட்டர் அப்படி எதையும் தூக்குவதில்லை, நகர்த்துவதில்லை. ஆகவே அது சாப்பிடுகிற மின்சாரம் அனேகமாக முழுவதுமே கடைசியில் உஷ்ணமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். 300 வாட் மின்சாரம் சாப்பிடும் கம்ப்யூட்டர், உஷ்ணத்தைப் பொறுத்தவரையில், 300 வாட் அடுப்புதான். அடுப்பு சூடானால் சமையல் ஆகிறது என்று சந்தோஷப்படுகிறோம். கம்ப்யூட்டர் சூடானால் அதன் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கெடுகின்றன.

இது முதல் நாளிலிருந்தே இருந்த தொல்லை. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில், பென்சில்வேனியா சர்வகலாசாலையில், ஜான் மாக்லி, ப்ரெஸ்பர் எக்கர்ட் என்ற இருவர் தலைமையில் கட்டிய எனியாக் என்ற யந்திரத்தை 1946 பிப்ரவரியில் உலகத்துக்குக் காட்டினார்கள். சுமார் 18,000 வால்வுகள். 30 டன் கனம். 150 கிலோவாட் மின்சாரம். பழைய ரேடியோப் பெட்டிக்குள் ஐந்தாறு வால்வுகள் எரிவதையும், பெட்டியின் மேல் பூனை வந்து படுத்துக்கொள்வதையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 18,000 வால்வுகள் ஓர் அறையில் எரிந்தால் எப்படி இருக்கும்? எக்கர்ட் கெட்டிக்காரர். வால்வுகளை அவற்றின் சக்திக்குக் குறைவான வோல்டேஜில் ஓட்டி அவற்றின் ஆயுளை நீட்டினார். அலமாரிகளுக்குள் பெரிய ஊதுவிசிறிகளால் காற்றைச் செலுத்தினார். கணக்குப் போடும் யந்திரம் பிறந்தபோதே அதற்கு விசிறி போடுகிறவனும் கூடப் பிறந்துவிட்டான்.

அடுத்த ஆண்டே, 1947-ல், பெல் ஆராய்ச்சிசாலையில் டிரான்ஸிஸ்டர் வந்தது. அது வால்வைப் போலப் பழுக்கக் காய வேண்டியதில்லை. இனி உஷ்ணத்தொல்லை தீர்ந்தது என்று நினைப்பது இயற்கைதான். ஆனால் மனிதனுக்கு இடம் கிடைத்தால் சாமான் சேர்க்கிற சுபாவம் உண்டு. ஒரு வால்வு இருந்த இடத்தில் நூறு டிரான்ஸிஸ்டரை அடைத்தார்கள். பிறகு ஆயிரம், பிறகு லட்சம். 1976-ல் சீமோர் க்ரே என்பவர் க்ரே-1 என்ற மகா யந்திரத்தைச் செய்தபோது அது சுமார் 115 கிலோவாட் மின்சாரம் சாப்பிட்டது. எனியாக் சாப்பிட்டதில் முக்கால் பங்கு! விசிறிக் காற்று அதற்குப் போதவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஓடுகிற ஃப்ரியானைக் குழாய்களில் ஓடவிட்டுத்தான் அதைக் குளிர்விக்க வேண்டியிருந்தது.

க்ரே செய்த யந்திரத்தை வாங்க முடிந்தவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்களுக்குக் காற்றுதான் கதி. அதற்கு மெல்லிய, சதுரமான, பெட்டிக்குள் பதிக்கக்கூடிய விசிறி வேண்டியிருந்தது. நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1969-ல் நடந்த பெரிய சங்கீத விழாவால் அந்த ஊரின் பெயர் உலகப் பிரசித்தி பெற்றது. வேடிக்கை என்னவென்றால் விழா அந்த ஊரில் நடக்கவே இல்லை, பெத்தெல் என்ற வேறோர் ஊரில் நடந்தது. உட்ஸ்டாக்கில் உண்மையாகவே நடந்த காரியம் விசிறி செய்வது. ரோட்ரான் என்ற கம்பெனி அங்கே மின்னணுப் பெட்டிகளுக்கான சின்ன விசிறிகளைச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் கறுப்புக் காடு என்ற பிரதேசத்தில், கடிகாரம் செய்வதற்குப் பேர்போன செயின்ட் கியார்கன் ஊரில், 1942-ல் தொடங்கிய பாப்ஸ்ட் கம்பெனி இன்னொரு நல்ல யோசனையைப் பிடித்துக்கொண்டது. சாதாரண மோட்டாரில் வெளிக்கூடு நிற்கும், உள்ளே இருப்பது சுழலும். பாப்ஸ்ட் அதைத் திருப்பிப் போட்டார்: காயில் நடுவில் அசையாமல் நிற்க, அதைச் சுற்றித் தொப்பி போல மூடிய வெளிப்பாகம் சுழலும். அந்தத் தொப்பியின் மேலேயே இறக்கைகளை ஒட்டிவிட்டால் விசிறியும் மோட்டாரும் ஒன்றாகி, இரண்டு விரல் கனத்துக்குள் அடங்கிவிடும். இன்று நம் கம்ப்யூட்டரில் சுழல்கிற விசிறியின் நடுக்குமிழ் அந்தத் தொப்பிதான்.

அடுத்தபடியாக ஒரு கஷ்டம் இருந்தது. கம்ப்யூட்டருக்குள் இருப்பது டி.சி. மின்சாரம். பழைய டி.சி. மோட்டாரில் கார்பன் பிரஷ் இரண்டு உராய்ந்துகொண்டே இருக்கும், பொறி பறக்கும், கரித்தூள் கொட்டும், பக்கத்தில் இருக்கிற நுட்பமான சர்க்யூட்டுகளுக்கு அது ஆகாது. இதற்கு வழி பிறந்தது, அதைப் பற்றி நினைத்தே பார்த்திராத ஒருவரிடமிருந்து. 1879-ல் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் எட்வின் ஹால் என்ற மாணவர், மெல்லிய தங்க இலையில் மின்சாரத்தை ஓடவிட்டு அதன் அருகே காந்தத்தைக் கொண்டுவந்தார். மின்சாரம் ஓடுகிற திசைக்குக் குறுக்கே ஒரு சிறு வோல்டேஜ் பிறப்பதைக் கண்டார். அப்போது அது ஒரு விஞ்ஞான விசித்திரம், அவ்வளவுதான். காந்தம் அருகே இருக்கிறதா, அது வடக்கா தெற்கா என்று தொடாமலே சொல்லக்கூடிய ஒரு கண் மனிதனுக்குக் கிடைத்துவிட்டது என்பது எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகுதான் உபயோகத்துக்கு வந்தது. 1962-ல் வில்ஸன், ட்ரிக்கி என்ற இரு எஞ்ஜினீயர்கள் பிரஷ் இல்லாமல் டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டே திசை மாற்றுகிற டி.சி. மோட்டாரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். நம் விசிறியின் ஜாதகம் அங்கே எழுதப்பட்டது.

அது சுழலும் விதத்தைச் சொல்கிறேன். தொப்பியின் உட்புறத்தில் வளையமாக ஒரு காந்தம். அதில் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு முனைகள். நடுவில் அசையாமல் நிற்கிற இரும்புக்கு நான்கு கைகள். ஒவ்வொரு கையிலும் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். கைகளுக்கு நடுவே, மிளகு அளவில், ஹால் கண்டுபிடித்த அந்தக் கண். எதிரே வடக்கு வந்தால் அது ஒரு காயிலுக்கு மின்சாரத்தை விடும். தெற்கு வந்தால் இன்னொன்றுக்கு மாற்றும். காந்தம் தன்னை இழுக்கிற இடத்துக்கு வந்து சேர்வதற்குள் இழுக்கிற இடம் அடுத்த கைக்குப் போய்விடும். தழையைக் காட்டிக்கொண்டே முன்னால் நடக்கிறவன் பின்னால் ஆடு ஓடுகிற கதைதான். ஆடு தழையை எட்டுவதே இல்லை. ஊர் வந்து சேர்ந்துவிடுகிறது. மின்சாரமில்லாத நேரத்தில் இந்த விசிறியை விரலால் மெள்ளத் திருப்பிப் பாருங்கள். ஒரு சுற்றில் நாலு இடத்தில் 'டக்' என்று தயங்கி நிற்கும். அந்தத் தயக்கம் வேண்டுமென்றே வைத்தது. இழுப்பு எந்தப் பக்கமும் இல்லாத செத்த இடத்தில் விசிறி போய் நின்றுவிட்டால் மறுநாள் கிளம்பவே கிளம்பாது. ஆகவே எப்போது நின்றாலும் சற்றுத் தள்ளியே நிற்கும்படி இரும்புக் கைகளைக் கொஞ்சம் கோணலாகச் செய்திருக்கிறார்கள்.

அடுத்து 1981-ம் வருஷத்துக்கு வருவோம். அந்த ஆகஸ்ட் 12-ம் தேதி ஐ.பி.எம். கம்பெனி தன் சொந்த உபயோகக் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் எஸ்.எம்.பி.எஸ். கொடுத்த சக்தி 63.5 வாட், பழைய மேஜை விளக்கு ஒன்றுக்கு வேண்டிய மின்சாரம். அதன் உள்ளே ஒரு விசிறி வைத்தார்கள். அந்த ஒரு விசிறி இரண்டு வேலை செய்தது: தான் இருக்கிற தகரப் பெட்டியையும் குளிர்வித்தது, கம்ப்யூட்டர் முழுவதிலிருந்தும் சூடான காற்றை உறிஞ்சி வெளியே தள்ளியது. கம்ப்யூட்டரைப் போட்டதும் கேட்கிற 'உம்' என்ற ரீங்காரத்துக்கு உலகம் பழகியது அதிலிருந்துதான்.

எல்லோரும் பழகவில்லை. ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸுக்கு விசிறி என்றாலே பிடிக்காது. எதிரே உட்கார்ந்திருப்பவன் யோசிக்கும்போது யந்திரம் முனகக் கூடாது என்பது அவர் கட்சி. 1977-ல் வந்த ஆப்பிள் 2-க்காக ராட் ஹோல்ட் என்ற எஞ்ஜினீயர் சிக்கனமான எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைச் செய்து கொடுத்தார். அது குறைவாகவே சூடானதால் விசிறி இல்லாமல் சமாளிக்க முடிந்தது. அந்த வெற்றி கொடுத்த தைரியத்தில் 1980-ல் ஆப்பிள் 3 வந்தது. அதிலும் விசிறி கிடையாது. கனமான அலுமினியக் கூடே உஷ்ணத்தை வாங்கி வெளியே விடும் என்றார்கள். உள்ளே சிப்புகள் தங்கள் குழிகளிலிருந்து நழுவின. யந்திரத்தை இரண்டு மூன்று அங்குலம் தூக்கி மேஜை மேல் பொத்தென்று போட்டால் சரியாகும் என்று கம்பெனியே வைத்தியம் சொன்னதாகப் பிரசித்தமான கதை ஒன்று உண்டு. கூடு குற்றவாளியல்ல, உள்ளே இருந்த போர்டுதான் நெருக்கமாகப் போய்விட்டது என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். குற்றம் யாருடையதானாலும், முதலில் விற்றவற்றைத் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுக்கும்படி ஆயிற்று.

ஜாப்ஸ் விடுகிறவரல்ல. 1984-ல் வந்த மாக்கின்டாஷிலும் விசிறி இல்லை. ஜனங்கள் அதற்கு ரொட்டி வாட்டும் பெட்டி என்று பெயர் வைத்தார்கள். வெளியார் சிலர் அதன் தலையில் மாட்டுகிற விசிறி செய்து விற்றுக் காசு பார்த்தார்கள். 1985-ல் ஜாப்ஸ் கம்பெனியைவிட்டு வெளியேறினார்; 1987-ல் வந்த மாக்கின்டாஷ் எஸ்.இ.யில் விசிறி உள்ளே குடியேறியது. அவர் திரும்பி வந்த பிறகு 2000-ல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது போன்ற அழகான கன சதுர யந்திரம் ஒன்று வந்தது. விசிறி மறுபடியும் இல்லை. விலை அதிகம் என்பதால் அது விலைபோகவில்லை. மறு ஆண்டே உற்பத்தியை நிறுத்திவைத்தார்கள். அவருடைய பிடிவாதத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. சப்தமில்லாத இடம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. எழுதுகிறவனுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் உஷ்ணம் ஆசையைப் பார்த்து இரங்குவதில்லை.

மற்ற யந்திரங்களில் உஷ்ணம் ஏறிக்கொண்டே போயிற்று. ஐ.பி.எம்.மின் 63.5 வாட், 1983-ல் 130 ஆயிற்று; 1984-ல் 192 ஆயிற்று. இன்று 500, 750 என்று கடையில் கேட்டு வாங்குகிறார்கள். 1995-ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையை வெளியிட்டபோது, எஸ்.எம்.பி.எஸ். விசிறி காற்றை வெளியே தள்ளாமல் உள்ளே இழுத்து அங்கேயிருந்து பிராஸஸரின் மேல் ஊத வேண்டும் என்று யோசனை சொன்னார்கள். ஒரே விசிறியில் இரண்டு மாங்காய்! நடந்தது என்னவென்றால், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் புகுந்து சூடாகிவிட்ட காற்று பிராஸஸரின் தலையில் அடித்தது. வெந்நீர் ஊற்றிக் குளிர்விக்கிற காரியம். பிறகு பழைய திசைக்கே திருப்பினார்கள்.

எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போடுவது கஷ்டமல்ல. 300 வாட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். நூற்றுக்கு 75 பங்கு திறமையுள்ளது என்றால், சுவரிலிருந்து 400 வாட் வாங்கும். நடுவே 100 வாட் அதன் வயிற்றுக்குள்ளேயே உஷ்ணமாகத் தங்கும். அதை வெளியேற்ற, காற்றின் சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறாமலிருக்க வேண்டுமானால், வினாடிக்கு எட்டு லிட்டர் காற்று ஓட வேண்டும். சென்னையில் சித்திரை மாதத்தில் அறைக்குள் வருகிற காற்றே 38, 40 டிகிரி. 2004-ல் அமெரிக்காவில் '80 பிளஸ்' என்ற முத்திரைத் திட்டம் ஏற்பட்டது. நூற்றுக்கு 80 பங்காவது திறமை இருந்தால்தான் முத்திரை. விசிறியின் பாரம் அதனால் குறைந்தது. இன்னொரு வழி, விசிறியைப் பெரிதாக்குவது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் அதைச் சுழற்ற வேண்டிய சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். சப்தம் அதைவிட வேகமாக அடங்கும். ஆகவே 80 மில்லிமீட்டர் விசிறி வேகமாகச் சுழன்ற இடத்தில் 120 மில்லிமீட்டர் விசிறியை நிதானமாகச் சுழல விட்டார்கள்.

இத்தனையும் செய்தும் விசிறி சாகத்தான் செய்கிறது. நிமிஷத்துக்கு 2,000 சுற்று, நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால், ஒரு நாளில் கிட்டத்தட்டப் பத்து லட்சம் சுற்று. நூறு ரூபாய் இருநூறு ரூபாய்ச் சாமான் ஒன்றிடம் நாம் வாங்குகிற வேலை இது. மலிவான விசிறியில் அச்சு நிற்பது புஷ் என்ற சின்ன வெண்கலக் குழாயில். அந்த வெண்கலம் தூளை அழுத்திச் செய்தது. பஞ்சு போல அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். அச்சு சுழலும்போது எண்ணெய் கசிந்து வந்து அதைத் தாங்கும். நின்றால் மறுபடி துளைகளுக்குள் போய்விடும். மொத்த எண்ணெய் ஒரு சில துளிகள். விசிறியின் ஆயுள் என்பது அந்தத் துளிகளின் ஆயுள்தான். சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது, மீதி கெட்டியாகிறது, தூசி சேர்ந்து களிம்பாகிறது. பிறகு உலோகம் உலோகத்தைத் தேய்க்கிறது, வட்டத் துளை முட்டை வடிவமாகிறது, அச்சு தள்ளாடுகிறது.

இந்த மரணம் சொல்லாமல் வருவதில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஓர் இளைஞர் இருக்கிறார். ரிப்பேர் வேலை செய்கிறவர். என் பெட்டியைத் திறக்காமலே கேட்டார்: "காலைல போட்டவுடனே கத்துதா சார்? பத்து நிமிஷம் போனா அடங்கிடுதா?"

"ஆமாம் தம்பி, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"புஷ்ஷுல எண்ணெய் வத்திடுச்சு சார். சூடானா மிச்சம் இருக்கறது இளகி ஓடும், சத்தம் நின்னுடும். எல்லாரும் சரியாப் போச்சுன்னு நெனச்சுக்குவாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல விரலால தள்ளிவிட்டாத்தான் சுத்தும். அப்புறம் அதுவும் சுத்தாது."

அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்ததும் உடனே கை வைக்கவில்லை. உள்ளே இருக்கிற பெரிய கண்டென்சர்களில், நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் டி.சி.யாகி 325 வோல்ட் வரை தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே காத்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் இந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. அவர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, விசிறியைக் கழற்றி, நடுவில் ஒட்டியிருந்த லேபிளைப் பாதி உரித்தார். ரப்பர் மூடியை எடுத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டார். "இது தற்காலிகம்தான் சார், ஃபேனை மாத்திடுங்க" என்றார். சிலர் வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கொண்டு வருவார்களாம். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் பாட்டிலுக்குள் உறைவதைப் பார்த்தவர்களுக்கு அது புஷ்ஷுக்குள் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விலை கூடிய விசிறிகளில் புஷ்ஷுக்குப் பதில் பால்பேரிங் இருக்கும். சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் கீழே போட்டால் குண்டுகள் பாதையில் பள்ளம் பதித்துவிடும். அன்று முதல் உறுமல்தான். இன்னொரு வகையில் புஷ்ஷின் உட்சுவரில் மீன் முள் போலச் சாய்வான கோடுகள் வெட்டியிருப்பார்கள். அச்சு சுழலும் வேகத்தில் எண்ணெய் அந்தக் கோடுகளின் வழியே நடுவுக்கு நெருங்கிவந்து அச்சை மிதக்கவிடும். எந்த வகையானாலும் அட்டையில் 50,000 மணி நேரம் ஆயுள் என்று அச்சடித்திருக்கும். இரவும் பகலும் ஓடினால் ஐந்தரை வருஷத்துக்கு மேல். அதை அப்படியே நம்ப வேண்டாம். இந்தக் கணக்குக்குப் பெரும்பாலும் அர்த்தம், நூறு விசிறிகளில் பத்து அதற்குள் போய்விடும் என்பது. அதுவும் குறிப்பிட்ட சூட்டில் ஓட்டினால். நம்முடையது தொண்ணூறில் ஒன்றா, பத்தில் ஒன்றா என்பதை அட்டை சொல்லாது.

விசிறி நின்றால் என்ன ஆகிறது? நல்ல எஸ்.எம்.பி.எஸ். உஷ்ணத்தைக் கண்டு தானே அணைந்துவிடும். மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும், ஆபத்து அங்கேதான். உள்ளே இருக்கிற கண்டென்சர்களில் ஒரு வகை, அலுமினியத் தகடும் திரவத்தில் நனைந்த காகிதமும் சுருட்டி வைத்தது. சூட்டில் அந்தத் திரவம் வற்றுகிறது. உஷ்ணம் ஏற ஏற ரசாயன மாறுதல்கள் வேகம் கொள்ளும் விதத்தை 1889-ல் ஸ்வீடன் தேசத்து அர்ரேனியஸ் விளக்கினார். அதை ஒட்டித் தொழிலாளிகளிடம் ஒரு கைக்கணக்கு இருக்கிறது: பத்து டிகிரி ஏறினால் கண்டென்சரின் ஆயுள் பாதி. இருபது ஏறினால் கால். அதன் தலையில் கீறிய கூட்டல் குறி உப்பிப் பிளக்கும். பிறகு மின்சாரம் சீராகப் போகாது. கம்ப்யூட்டர் காரணமில்லாமல் நின்று நின்று கிளம்பும். சில சமயம் போர்டையும் சேகரித்து வைத்ததையும் கூட்டிக்கொண்டு போய்விடும். பழியெல்லாம் வேறு யார் மேலாவது விழும். முதலில் செத்தது ஒரு சொட்டு எண்ணெய் என்று யாருக்கும் தோன்றாது.

இப்போது பலருக்கு இந்தக் கதை பழங்கதையாகத் தோன்றலாம். கையில் இருக்கிற டெலிபோனில் விசிறி இல்லை. மெல்லிய மடிக் கம்ப்யூட்டர்கள் பலவற்றிலும் இல்லை. ஜாப்ஸ் கேட்ட நிசப்தம் கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் டெலிபோனில் நாம் தேடுகிறதையும் கேட்கிறதையும் பெரும்பாலும் அந்த டெலிபோன் கண்டுபிடிப்பதில்லை. அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ, கடல் கடந்து எங்கேயோ, ஜன்னலில்லாத கட்டிடங்களில் அடுக்கடுக்காக நிற்கிற யந்திரங்கள் கண்டுபிடித்து அனுப்புகின்றன. அந்த யந்திரங்களில் உள்ளங்கைக்குள் அடங்குகிற விசிறிகள் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கின்றன. பக்கத்தில் நின்று பேச முடியாது. காதை மூடிக்கொள்ள வேண்டும். மிக உக்கிரமான யந்திரங்களுக்குக் காற்று போதாமல், க்ரே செய்ததைப் போலக் குழாயில் திரவம் ஓடவிடுகிற காலமும் திரும்ப வந்திருக்கிறது. அப்போதும் அந்தத் திரவம் சுமந்து வந்த உஷ்ணத்தைக் கட்டிடத்துக்கு வெளியே கொட்ட, பெரும்பாலும் எங்கேயாவது ஒரு விசிறி சுழன்றாக வேண்டியிருக்கிறது.

நாம் விசிறியை ஒழிக்கவில்லை. காதுக்கு எட்டாத இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறோம். கச்சேரியில் பங்காக் கயிற்றுக்குச் சுவரில் துளை போட்டு, இழுக்கிறவனைத் தாழ்வாரத்துக்கு அனுப்பியவர்கள் செய்த ஏற்பாடும் இதுவே. இன்னும் நம் வீட்டு மேஜையடியில், பள்ளிக்கூடத்தில், பத்திரப் பதிவு ஆபீசில், கிராமத்து இ-சேவை மையத்தில், லட்சக்கணக்கான பழைய பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குள் கயிறு இழுக்கிறவன் பக்கத்திலேயேதான் இருக்கிறான். களைத்துப்போனால் காலையில் குரல் கொடுக்கிறான். பத்து நிமிஷத்தில் அவன் அடங்கிப் போவதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று இருந்துவிடாமல், அன்றைக்கே ஆளை மாற்றிவிடுவது நல்லது.